மஞ்சள் அட்டையில் குத்திய சீல்

போன மாதம் நீங்கள் என்னைக் கூப்பிட்டு அரை மணித்தியாலம் பேசச் சொன்னீர்கள். பாலியல் சுகாதாரக் கிளினிக்குகளில் புதிதாகச் சேர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் வருவினம், ஆலோசகர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் வருவினம், உங்கடை அனுபவத்தைச் சொல்லுங்கோ அக்கா என்றீர்கள். நானும் நல்ல சேலை ஒன்றை உடுத்துக்கொண்டு நோர்பரியில் இருந்து இரண்டு பஸ் மாறி வந்தேன். தொடங்கிப் பத்து நிமிடம் ஆகவில்லை, முன்வரிசையில் இருந்த தம்பி ஒருவர் கையைத் தூக்கி, நோயாளியின் நம்பிக்கையைப் பெறுவதற்கு ஐந்து வழிகள் சொல்ல முடியுமா என்று கேட்டார். ஐந்து வழி! குறிப்பெடுக்கப் பேனையும் கையில் ஆயத்தமாக இருந்தது. வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்த பிறகும் எனக்கு அந்த எரிச்சல் ஆறவில்லை. என்னிடம் வழி ஒன்றும் கிடையாது. ஒரு சம்பவம்தான் இருக்கிறது. அதை மேடையில் நின்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். பேனையை வைத்துவிட்டு வாசியுங்கள்.

எண்பதுகளின் நடுவில் நான் லண்டனில் நேர்ஸாக அந்த வேலைக்குப் போனபோது எங்கள் கிளினிக் ஆஸ்பத்திரியின் முதுகுப் பக்கத்தில், உடுப்புத் தோய்க்கும் கட்டடத்துக்கு அருகில் இருந்தது. வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. வருகிறவர்கள் கோட்டுக் கொலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வருவார்கள், வழி தவறி வந்தவர்கள் போல. நான் எங்கே வேலை செய்கிறேன் என்று யாராவது கேட்டால் என் கணவர் முந்திக்கொண்டு "ஸ்கின் செக்‌ஷன்" என்று சொல்லிவிடுவார். அதன் பலனாகத் தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்ததும் பங்கிலுள்ள பெண்கள் என்னிடம் வந்து சொறியையும் தடிப்பையும் காட்டுவார்கள். நானும் முகத்தை நேராக வைத்துக்கொண்டு கிறீம் பெயர் சொல்லி அனுப்புவேன். அவர்களின் கணவன்மாரில் ஒருவரை முந்தின கிழமைதான் எங்கள் கிளினிக் கதிரையில் கண்டிருப்பேன். அவர் பீடத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் நிற்பார். அவ்வளவு பக்தியை நான் குருமாரிடம்கூடக் கண்டதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நியூ மோல்டன் பக்கம் கொரியக் கொம்பனிகளின் ஆட்கள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். கறுத்த சூட் போட்ட ஆண்கள், வெளியே தலைகாட்டாத மனைவிமார், சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளைகள். எங்கள் சனத்தைப் பார்ப்பது போலத்தான் இருந்தது, சூட்டைத் தவிர. அந்த ஆண்கள் வேலை முடிந்து இளைப்பாறுவதற்கு ஒரு ரெஸ்ரோரண்டின் மேல்மாடியில் ஒரு கிளப் இருந்தது. சின்னச் சின்ன அறைகள். ஒவ்வோர் அறையிலும் மேசை, விஸ்கி, பாட்டு மெஷின், ஊற்றிக் கொடுக்க ஆளுக்கொரு பெண்.

அந்தக் கிளப்பை நடத்தியவளை எல்லாரும் மேடம் என்றுதான் கூப்பிட்டார்கள். ஐம்பது வயதிருக்கும். படிய வாரிய தலை, சாம்பல் கோட்டு, கையில் எப்போதும் முகம் ஒற்ற ஒரு வெள்ளை லேஞ்சி. இரண்டு கிழமைக்கு ஒருமுறை புதன்கிழமை காலையில் நான்கு பெண்களைக் கூட்டிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து இறங்குவாள். ஒருமுறைகூடப் பிந்தியதில்லை. எங்களுக்கென்று ஒரு பெட்டி கொரியப் பேரிக்காயும் வரும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உறை போட்டு.

பெண்கள் ஒவ்வொருவரிடமும் படம் ஒட்டிய ஒரு மஞ்சள் அட்டை இருந்தது. உள்ளே கட்டம் கட்டமாகக் கோடு. பரிசோதனை முடிந்ததும் அதில் ஒரு சீல் குத்தித் தர வேண்டும் என்று மேடம் கேட்டாள். வேலைக்கு லீவு எடுத்து வருகிறவர்கள் முதலாளிக்குக் காட்ட எங்களிடம் சீல் வாங்கிப் போவது வழக்கம்தான். கிளினிக்கின் விலாசமும் திகதியும் மட்டும் உள்ள சீல். அதில் என்ன வந்தது என்று குத்திக் கொடுத்தேன். மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு, மருந்து முடிந்த பிறகு மட்டும் குத்துங்கள் என்றாள். அதுவும் எனக்கு நியாயமாகப் பட்டது. கூட ஒரு பெருமையும் வந்தது. லண்டனில் எந்த நோயாளி இப்படி நேரம் தவறாமல் வருகிறார்? எங்கள் கன்சல்டன்ட் டொக்டர், போ டை கட்டிய மெத்தப் படித்த மனிதர், கூட்டங்களில் இவர்களைத்தான் முன்மாதிரி என்று சொல்லுவார். அவருக்குப் பேரிக்காயும் பிடிக்கும்.

மொழிபெயர்ப்பும் மேடம்தான். "ஏதாவது உபாதை இருக்கிறதா?" என்று நான் கேட்பேன். மேடம் அந்தப் பெண்ணிடம் ஒரு நிமிடம் நீட்டிப் பேசுவாள். அந்தப் பெண் ஒரு சொல் சொல்லுவாள். "பிரச்சினை இல்லை" என்பாள் மேடம் லேஞ்சியை மடித்தபடி. இப்படிப் பல மாதம். நான்கு பெண்கள், வருகிற ஒவ்வொரு புதனும், ஒரு பிரச்சினையும் இல்லை! உலகத்தில் எந்தப் பெண்ணுக்கு ஒரு பிரச்சினையும் இல்லாமல் இருந்திருக்கிறது? எனக்கு அப்போதே மூளையில் உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. மேடத்தைப் பார்த்தால் எங்கள் பங்கின் மாதர் சங்கத் தலைவியைப் பார்ப்பது போல இருக்கும். மரியாதையாகக் கதைக்கிற பெண் மரியாதையான பெண் என்று நம்புகிற புத்தி எங்கள் ஊர்ப் புத்தி. அதை நான் விமானத்தில் கொண்டுவந்து கிளினிக்கிலும் வைத்திருந்தேன்.

எனக்குக் கண் திறந்தது ஒரு கனவான் வந்தபோதுதான். கொரியக் கொம்பனி ஒன்றில் ஏதோ பிரிவுக்குத் தலைவர், நாற்பது வயது, நல்ல ஆங்கிலம். சோதனையில் நோய் தெரிந்தது. நான் கதிரையை இழுத்துப் போட்டு வழமையான கேள்வியைக் கேட்டேன், யாரிடமிருந்து வந்திருக்கலாம் என்று. அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அப்படி வர முடியாது. எனக்கு அட்டை காட்டினார்கள்" என்றார்.

"என்ன அட்டை?"

"மஞ்சள் அட்டை. விஸ்கியோடு கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். உங்கள் சீல் இருந்தது. திகதியும் பார்த்தேன். உங்கள் ஆஸ்பத்திரியின் சீலை நம்பித்தானே நான் போனேன்?"

வாங்கிய றேடியோ வேலை செய்யாவிட்டால் கடைக்காரனிடம் வந்து கத்துவது போல அந்த மனிதர் என்னிடம் கத்தினார். எனக்கு முகம் சுட்டது. என்றாலும் கேட்க வேண்டியதைக் கேட்டேன். உங்கள் மனைவியும் வந்து சோதிக்க வேண்டும், அவருக்குக் கொடுக்க இந்தத் துண்டைக் கொண்டுபோங்கள் என்றேன். அவர் என்னைக் கேவலமாகப் பார்த்தார்.

"என் மனைவி நல்ல குடும்பத்துப் பெண். இந்த மாதிரி விஷயங்களை அவள் காதாலும் கேட்டதில்லை."

கேட்டதில்லையாம்! காதால் கேட்காவிட்டால் உடம்புக்கு வராது என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். துண்டை மிக மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கினார், நாலாக மடித்தார், பொக்கெட்டில் வைத்தார். அவர் போன பிறகு வாசல் குப்பைத்தொட்டியில் அது அதே நாலு மடிப்போடு கிடந்தது. அந்த மனைவி எங்களிடம் ஒருநாளும் வரவில்லை.

ஆஸ்பத்திரி லைப்ரரியில் பகுதி நேரமாக ஒரு கொரிய மாணவி வேலை செய்துகொண்டிருந்தாள். மேற்படிப்புக்கு வந்தவள், கண்ணாடி போட்டவள், சிரிக்கவே மாட்டாள். நான் அவளிடம் போய் அந்த அட்டையைப் பற்றிச் சொன்னேன். அவள் அடுக்கிக்கொண்டிருந்த புத்தகத்தைக் கீழே வைத்தாள்.

"எங்கள் நாட்டில் வெளிநாட்டுப் படை முகாம்களுக்குப் பக்கத்தில் இருக்கும் பார்களில் வேலை செய்யும் பெண்களுக்கு இந்த அட்டை கட்டாயம். ஊருக்குள் இருக்கும் பார்களிலும் உண்டு. ஒழுங்காகச் சோதிக்க வேண்டும், சீல் வேண்டும். சீல் இல்லாத பெண்ணைப் பிடித்துக்கொண்டு போய், குணமாகும்வரை யன்னல் கம்பி போட்ட கட்டடத்தில் பூட்டி வைத்த காலமும் இருந்தது. பெண்ணிடம்தான் அட்டை கேட்பார்கள். ஆணிடம் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அது அவளுக்கு வைத்தியம் இல்லை, அவனுக்கு உத்தரவாதம்" என்றாள். பிறகு என்னை நேரே பார்த்து, "நீங்கள் அதற்கு லண்டனில் ஒரு கிளை திறந்திருக்கிறீர்கள்" என்றாள்.

அவளுக்கு இருபத்தாறு வயது இருக்கும். என் அரைவாசி வயதுகூட வராதவள் என்று சொல்ல ஆசை, ஆனால் நான் அவ்வளவு கிழவியாகவும் இருக்கவில்லை. கோபம்தான் முதலில் வந்தது. அவள் விடவில்லை. இப்படியான வேலைக்குப் போன அக்காவின் உழைப்பில் தம்பி யூனிவர்சிட்டி முடிப்பான், அவன் கலியாணத்துக்கு அக்காவுக்கு அழைப்பு வராது என்றாள். வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு ஒன்றும் தெரியக்கூடாது, பாரில் இருக்கும் பெண்ணுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும், இரண்டு பேருக்கும் நடுவில் ஆண் மட்டும் கனவானாகவே போய் வருவான் என்றாள். இதைக் கேட்டு நான் கொரியாவைப் பார்த்து மூக்கைச் சுளித்திருக்கலாம். கிழக்கு லண்டனின் செவன் கிங்ஸில் இருந்தும் பார்க்கிங்கில் இருந்தும் ரெயில் மாறி மாறி எங்களிடம் வந்த எங்கள் ஆட்களின் முகங்கள் நினைவுக்கு வந்ததால் சுளிக்கவில்லை. ஊருக்குப் பக்கத்துக் கிளினிக்கில் யாராவது கண்டுவிடுவார்கள் என்று லண்டனைக் குறுக்கறுத்து வருகிற மானஸ்தர்கள் அவர்கள்.

மேடத்தையும் பெண்களையும் ஏற்றி இறக்கியது எங்கள் ஆள்தான். ஜெயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோர்ன்டன் ஹீத்தில் மினிகாப் ஓடிக்கொண்டிருந்தான், அகதி வழக்கு முடிவு வராமல் இழுபட்டுக்கொண்டிருந்தது. அடுத்த முறை அவன் காருக்குள் தமிழ்ப் பேப்பர் வாசித்துக்கொண்டு காத்திருந்தபோது யன்னலில் தட்டினேன்.

"தம்பி, உந்தப் பிள்ளையள் எங்கை இருக்கினம்?"

"ஒரு வீட்டிலைதான் அக்கா, நாலு பேரும். கதவைத் திறக்கிறதும் உந்த மனிசிதான், பூட்டுறதும் உந்த மனிசிதான்."

"பூட்டுறதோ? உனக்கு அதிலை ஒண்டும் தோன்றேல்லையோ?"

"நான் ட்ரைவர் அக்கா. ஏத்திறன், இறக்கிறன். என்ரை கேஸ் முடியுமட்டும் எனக்கு ஒரு கண்ணும் தெரியாது, காதும் கேளாது."

இவனும் ஒரு மனிசனோ என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன். போய், நான்கு அட்டைக்கும் சீல் குத்தினேன். மாணவியிடம் எல்லாவற்றையும் கேட்டு அறிந்த பிறகும் குத்தினேன். ஏனென்றால் கன்சல்டன்டிடம் போய் இதைச் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "சீலை நிறுத்தினால் மேடம் அவர்களைக் கொண்டுவருவதை நிறுத்துவாள். நாம் அவர்களை இழந்துவிடுவோம்" என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை, அதுதான் பெரிய கரைச்சல். சீல் குத்தினால் நான் தரகர். குத்தாவிட்டால் அந்தப் பெண்களுக்கு மருந்தும் இல்லை. இதற்கு எந்தப் பயிற்சி வகுப்பிலும் ஐந்து வழி சொல்லித் தரமாட்டார்கள்.

நான்கு பேரில் ஒருத்திக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும் என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. நான் பேசும்போது மேடம் மொழிபெயர்ப்பதற்கு முன்னமே அவள் கண் அசையும். உன்ஜு என்று ஒரு பெயர் வைக்கிறேன், அது அவள் பெயர் அல்ல. வயது இருபத்திரண்டு. அவளை ஒருமுறை தனியே விசாரிப்பது என்று முடிவெடுத்தேன். மாணவிக்கு ஒரு வெள்ளைக் கோட்டைப் போட்டு, பயிற்சிக்கு வந்த டொக்டர் என்று சொல்லி, பரிசோதனை அறைக்குள் முன்கூட்டியே இருத்தினேன்.

அந்தப் புதன்கிழமை முதல் மூன்று பெண்களையும் வழமை போலவே பார்த்தோம். பிரச்சினை இல்லை, பிரச்சினை இல்லை, பிரச்சினை இல்லை. மேடத்துக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று மூன்று அட்டைக்கும் சீலைக் குத்திக் கொடுத்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். கடைசியாக உன்ஜு. மேடமும் எழும்பினாள். இன்றிலிருந்து அறைக்குள் நோயாளி மட்டும்தான், புதுச் சட்டம் என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அப்படி ஒரு சட்டம் அன்றைக்குத்தான் பிறந்தது.

மாணவி கொரிய மொழியில் இரண்டு வசனம் சொன்னதும் உன்ஜுவின் முகம் மாறியது. அழவில்லை. அவசரமாகப் பேசத் தொடங்கினாள். ரெஸ்ரோரண்டில் சாப்பாடு பரிமாறும் வேலை என்று சொல்லித்தான் கூட்டி வந்தார்கள். பாஸ்போட் மேடத்திடம். வீட்டை விட்டு வெளியே வருவது காரில் கிளப்புக்கும், புதன்கிழமையில் எங்களிடமும் மட்டும். வருகிற ஞாயிறு அவளை வேறொரு நாட்டில் உள்ள மேடத்தின் சிநேகிதியிடம் அனுப்பப் போகிறார்கள். போனால் திரும்பி வரமுடியாது.

கதவில் மேடம் இரண்டு விரலால் தட்டினாள். உன்ஜு மற்றப் பெண்களைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினாள். மாணவி என் பக்கம் திரும்பி, "மற்ற மூன்று பேரைப் பற்றியும் சொல்கிறாள்" என்றாள்.

"வேண்டாம். இந்த அறையில் ஒரு நோயாளியிடம் இன்னொரு நோயாளியைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. தனக்கு என்ன வேண்டும் என்று மட்டும் சொல்லச் சொல்" என்றேன்.

எங்கள் தொழிலின் முதல் சட்டம் அது. உங்களுக்கும் முதல் நாளே சொல்லியிருப்பார்கள். மாணவி ஒரு நொடி தயங்கிவிட்டுச் சொன்னாள். உன்ஜு என்னைப் பார்த்தாள், பிறகு உடைந்த ஆங்கிலத்தில் தானே சொன்னாள்: "நான் காருக்குப் போக மாட்டேன்."

அவளை வெளியே கூட்டி வந்து காத்திருக்கும் இடத்தில் என் மேசைக்குப் பக்கத்துக் கதிரையில் இருத்தினேன். மேடம் கையை நீட்டினாள். சீல் இல்லாத அட்டையைக் கொடுத்தேன்.

"நோயா?" என்றாள்.

"அதை உங்களுக்குச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. இவர் இன்று இங்கே நிற்க வேண்டும்."

மேடம் சிரித்தாள். உன்ஜுவின் முன்னால் குனிந்து மெல்லிய குரலில், பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுவது போல, ஏதோ சொன்னாள். உன்ஜு கதிரையின் கால்களைப் பிடித்துக்கொண்டாள். சத்தம் கேட்டு கன்சல்டன்ட் எட்டிப் பார்த்தார். நேர்ஸ் களைத்துப் போயிருக்கிறார் போல, சீல் குத்த மறந்துவிட்டார் என்றாள் மேடம். அவர் என்னைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், தன் ஃபோன் அடிக்கிறது என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனார். ஃபோன் அடிக்கவில்லை. அவ்வளவு படிப்பும் அந்த போ டையும் கதவைச் சாத்தத்தான் உதவியது.

மேடம் வெளியே போய் ஜெயத்தைக் கூட்டி வந்தாள். அவளைக் காரில் ஏற்று என்று உன்ஜுவைக் காட்டினாள். ஜெயம் அசடு வழிய நின்றான்.

"தம்பி, அந்தப் பிள்ளையிலை கையை வைக்காதை" என்றேன் தமிழில்.

"அக்கா, எனக்கு வம்பு வேண்டாம். பொலிஸ் கிலிஸ் எண்டு வந்தால் என்ரை கேஸ் துலைஞ்சுது."

"நீ ஒண்டும் செய்ய வேண்டாம். சும்மா நில்லு. அதுகூட ஏலாதோ உனக்கு?"

"சும்மா நிண்டாலும் வேலை போயிடுமக்கா."

மேடம் ஆங்கிலத்தில் அதட்டினாள். ஜெயம் தலையைச் சொறிந்தான். நிலத்தைப் பார்த்தான். பிறகு திடீரென்று ஆங்கிலத்தில், மிக மரியாதையாக, "மேடம், காரில் நாலு பேரைத்தான் ஏற்றலாம். சட்டம். சந்தியில் பொலிஸ் நிற்கிறது. நீங்களும் மூன்று பேரும் வாருங்கள். இவரை நான் திரும்பி வந்து ஏற்றுகிறேன்" என்றான்.

அத்தனை மாதமும் அதே காரில் ஐந்து பேரை அடைத்துக்கொண்டு வந்தவன்! அன்றைக்குத்தான் அவனுக்குச் சட்டம் ஞாபகம் வந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது. மேடம் வாசலைப் பார்த்தாள், மற்ற நோயாளிகள் எல்லாரும் தன்னையே பார்ப்பதைக் கண்டாள். மரியாதைக்காரி அல்லவா, கூத்துக் காட்ட விரும்பவில்லை. பத்து நிமிடம் என்று என்னிடம் விரலைக் காட்டிவிட்டு நடந்தாள். மூன்று பெண்களும் எழும்பினார்கள். ஒருத்தி வாசலில் நின்று திரும்பி உன்ஜுவைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நேரம் போகிறதே என்று எனக்குப் பதற்றம். ஓடிப்போய்க் கதவைத் திறந்து பிடித்தேன். அவளை முழங்கையில் மெதுவாகத் தொட்டு வெளியே அனுப்பிவிட்டேன்.

ஜெயம் அன்று திரும்பி வரவேயில்லை. மேடம் வேறொரு காரில் ஒரு தடியனோடு வந்தபோது, மாணவி உன்ஜுவை உடுப்புத் தோய்க்கும் கட்டடத்தின் வழியால் பின்றோட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். பெண்களுக்கான ஒரு புகலிடத்தில் இருந்து ஆள் ஒருவர் வந்து ஏற்றிச் சென்றார். பொலிஸுக்கும் சொன்னோம். வந்தவர் கேட்ட முதல் கேள்வி அவளுடைய விசா எப்போது முடிகிறது என்பது. மற்ற மூவரையும் பற்றி நான் சொன்னதை எழுதிக்கொண்டார். அவர்கள் போய்ப் பார்த்தபோது அந்த வீடு காலி. "யன்னல் சீலையையும் கழட்டிக்கொண்டு போட்டினம் அக்கா" என்றான் ஜெயம். அவனுக்கு அந்த வேலை போய்விட்டது. இரண்டு கிழமை கழித்து வந்த புதன்கிழமை காத்திருக்கும் கதிரைகள் வெறுமையாக இருந்தன. கன்சல்டன்ட் அதைப் பார்த்துவிட்டு, "நான் சொன்னேன்" என்றார்.

என்றாலும் எனக்குள் பெருமைதான். ஒருத்தியை மீட்டேன் அல்லவா? வீட்டில் சொன்னேன், முதல்முறையாக என் கணவர் என் வேலையைப் பற்றிக் கேட்டுக்கொண்டு இருந்தார். மற்றக் கிளினிக் நேர்ஸ்மாரிடம் சொன்னேன். சொல்லச் சொல்ல மேடம் உயரமாகிக்கொண்டு போனாள், நான் வீராங்கனையாகிக்கொண்டு போனேன்.

இரண்டு மாதம் கழித்து உன்ஜு என்னைப் பார்க்க விரும்புகிறாள் என்று புகலிடத்தில் இருந்து செய்தி வந்தது. நன்றி சொல்லத்தான் என்று நினைத்தேன். கேக் ஒன்று வாங்கிக்கொண்டு மாணவியையும் கூட்டிக்கொண்டு போனேன். சின்ன அறை, இரண்டு கட்டில். உன்ஜு தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தாள். கேக்கை வாங்கி மேசையில் வைத்தாள். அவள் பேசத் தொடங்கினாள், மாணவி கேட்டுக்கொண்டே இருந்தாள், எனக்கு மொழிபெயர்க்கவில்லை.

"என்ன சொல்கிறாள்?" என்றேன்.

"சொல்லத்தான் வேண்டுமா?"

"சொல்லு."

மாணவி கண்ணாடியைச் சரிசெய்துவிட்டு, உன்ஜு சொன்னதை அவள் சொன்னபடியே, ஒவ்வொரு வசனமாகச் சொன்னாள்.

"அன்றைக்கு நாங்கள் நாலு பேரும் கோட்டுக்குள்ளே இரண்டு இரண்டு உடுப்புப் போட்டுக்கொண்டு வந்தோம். முதல்நாளே பேசி வைத்திருந்தோம், நாலு பேரும் காருக்குத் திரும்பிப் போவதில்லை என்று. எனக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும் என்பதால் நான்தான் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று முடிவு. நான் சொல்லத் தொடங்கினேன். மற்றவர்களைப் பற்றிப் பேசாதே என்றீர்கள். உங்களிடம் வேறு ஏதோ ஏற்பாடு இருக்கிறது, அவர்களை வேறு வழியால் எடுப்பீர்கள் என்று நினைத்தேன். அதனால்தான் அவள் வாசலில் நின்று என்னைப் பார்த்தபோது, போ என்று தலையாட்டினேன். நீங்கள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றீர்கள்."

நான் வாயைத் திறந்தேன். எங்கள் தொழிலில் ஒரு சட்டம் இருக்கிறது என்று தொடங்கினேன். மாணவி மொழிபெயர்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நிறுத்திவிட்டேன்.

உன்ஜு இன்னொரு கேள்வி கேட்டாள். அதை ஆங்கிலத்திலேயே கேட்டாள். மூன்று பேரும் இப்போது எங்கே?

தெரியாது என்றேன். இன்றைக்கும் எனக்குத் தெரியாது.